1024 வாரம்: ஜிபிஎஸ்ஸிடம் மணி கேட்ட கதை

2020 டிசம்பர்ல, ஒரு பழைய ஜிபிஎஸ் ரிசீவரை வாங்கி வீட்டுக் கம்ப்யூட்டரோட இணைச்சேன். மணி, நிமிஷம், வினாடி எல்லாம் கச்சிதமா வந்துடுச்சு. தேதி மட்டும் 2001 மே! கம்ப்யூட்டரும் அதை நம்பிடுச்சு. விளைவு, பாதுகாப்பான இணையதளம் ஒண்ணுகூடத் திறக்கலை. சான்றிதழ்களோட தேதி இன்னும் பிறக்கவே இல்லையே!

ரிசீவர் கெட்டுப்போகலை. அதோட கதை ரொம்பப் பழசு.

முதல் ஜிபிஎஸ் செயற்கைக்கோளை அமெரிக்கா 1978 பிப்ரவரியில் ஏவியது. வழிகாட்டும் கருவின்னு சொல்றோம், ஆனா அடிப்படையில் அது வானத்துல சுத்துற அணுக் கடிகாரங்களின் கூட்டம். சிக்னல் கிளம்பிய நேரத்தையும் வந்து சேர்ந்த நேரத்தையும் வைத்தே தூரம் கணக்கிடப்படுகிறது. ஒளி ஒரு நானோ வினாடியில் சுமார் 30 சென்டிமீட்டர் போகும். நம்ம ரிசீவர்ல இருக்கிறதோ மலிவான குவார்ட்ஸ். அதனாலதான் நாலு செயற்கைக்கோள் வேணும்: மூணு இடத்துக்கு, நாலாவது நேரத்துக்கு. இடம் தெரியும்போதே சரியான நேரமும் தெரிஞ்சுடுது.

அதைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டு வர்றதுதான் சிக்கல். ரிசீவர் நேரத்தை எழுத்தா அனுப்பும். 9600 பாட் வேகத்தில் 80 எழுத்து வந்து சேரவே 80 மில்லி வினாடிக்கு மேல் ஆகும். அதனால தனியா இன்னொரு கம்பி, வினாடிக்கு ஒரு துடிப்பு. எழுத்து "மணி என்ன"ன்னு சொல்லும், துடிப்பு "இதோ, இப்போ"ன்னு தட்டும். டேவிட் மில்ஸ் 1985இல் வெளியிட்ட என்டிபி நெறிமுறை, இப்படிக் கிடைத்த நேரத்தை வலைப்பின்னல் முழுக்கப் பரப்ப உதவியது.

சரி, தேதி ஏன் தப்பாச்சு? ஜிபிஎஸ் 1980 ஜனவரி 6லிருந்து வாரங்களை எண்ணுது. அதுக்கு ஒதுக்கியது 10 பிட். 0 முதல் 1023 வரைதான் எண்ண முடியும், பிறகு மறுபடி பூஜ்யம். 1999 ஆகஸ்ட் 21 இரவும், 2019 ஏப்ரல் 6 இரவும் அப்படிச் சுழன்றது. இது எத்தனையாவது சுற்றுன்னு அந்தப் பழைய சிக்னல் சொல்லாது, ரிசீவர்தான் ஊகிக்கணும். 2019இல் நியூயார்க் நகர நிர்வாகத்தின் கம்பியில்லா வலைப்பின்னலே இதனால் பல நாள் முடங்கியது. 2021 அக்டோபரில் தலைகீழ்க் கதை: ரிசீவர் சரியாச் சொல்லியும், ஜிபிஎஸ்டி மென்பொருளின் சில பதிப்புகள் 1024 வாரத்தைக் கழித்து 2002 மார்ச்சுக்குப் போயின.

நான் என்ன செஞ்சேன்? மென்பொருள்ல 7168 நாளைக் கூட்டச் சொன்னேன். வேலை முடிஞ்சுது.

புதிய ஜிபிஎஸ் சிக்னல்களில் வார எண்ணுக்கு 13 பிட், 157 வருஷம் தாங்கும். பழைய சிக்னல் அடுத்துச் சுழல்வது 2038 நவம்பரில். அதே வருஷம் ஜனவரி 19 அன்று பழைய யுனிக்ஸ் கடிகாரங்களின் 32 பிட்டும் நிரம்பும். உங்க வீட்டிலோ ஆபீஸிலோ பழைய கருவி ஓடிக்கிட்டு இருந்தா, தேதியையும் ஒருமுறை பார்த்துடுங்க. வினாடி சரியா இருக்குன்னு மட்டும் நம்பிடாதீங்க.