குகையிற் கிடைத்த கடற்சிப்பி

இந்நாட்டில் முதலிற் குடியேறியவர் யார் என்னும் கேள்வியைச் சுற்றியே வரலாறு எழுதும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஒரு சாரார் விசயன் கப்பலில் வந்திறங்கிய கதையிலிருந்து தொடங்குவர்; மறு சாரார் கடல்கொண்ட குமரிக்கண்டத்திலிருந்து தொடங்குவர். இரு சாராரும் ஏட்டைப் புரட்டுகின்றனரேயன்றி மண்ணைப் பார்ப்பதில்லை. மண் கூறும் செய்தி யாது?

கொழும்பிலிருந்து ஹொறணை வழியாகச் சென்றால், களுத்துறை மாவட்டத்துப் புளத்சிங்களவுக்கு அண்மையில் பாகியன்கல என்னும் பெருங்குகையை அடையலாம். சீன யாத்திரிகர் பாகியன் இங்குத் தங்கினார் என்பது ஊர் வழக்கு, அதற்குச் சான்றில்லை. ஆயின், அவருக்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்னரே மனிதர் இங்கு வாழ்ந்தமைக்குச் சான்றுகள் உள. 1968இல் சிரான் தெரணியகலவும், 1986இல் விஜயபாலவும் இங்கு அகழ்வு நடத்தினர். பிற்கால ஆய்வுகளின்படி இக்குகைவாழ்வு ஏறத்தாழ 48,000 ஆண்டுப் பழமையுடையது. குருவிட்டவுக்கு அண்மையிலுள்ள பட்டதொம்பலென, கித்துல்கலவிலுள்ள பெலிலென ஆகிய குகைகளும் இத்தகைய தொல்வாழ்வுக்குச் சான்று பகர்கின்றன. பட்டதொம்பலெனவை முன்னர் அகழ்ந்தவர் சிரானின் தந்தையார் போல் தெரணியகல. 'பலாங்கொடை மனிதன்' என்னும் பெயரை வழங்கியவரும் அவரே.

அம்மனிதர் எவ்வாறு வாழ்ந்தனர்? அடர்ந்த மழைக்காட்டில் மனிதன் நிலைத்து வாழ இயலாது என அறிஞர் பலர் ஒருகாலத்திற் கருதினர். 2015இல் வெளியான ஆய்வொன்று, இக்குகைகளிற் கிடைத்த மனிதப் பற்களைச் சோதித்து, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளாக அவர்களுக்கு உணவளித்தது காடே எனக் காட்டிற்று. குரங்கையும் அணிலையும் வேட்டையாடினர், நத்தையைப் பொறுக்கினர், கெக்குண மரத்தின் கொட்டையை உடைத்துண்டனர். படிகக்கல்லைச் சிறு சிறு கூர்ங்கருவிகளாகச் செதுக்கினர். தாம் உண்ட குரங்கின் எலும்பையே கூராக்கினர். அக்கூர்முனைகளுட் சில அம்புநுனிகள் என 2020இல் ஆய்வாளர் முடிவு செய்தனர். மரக்கிளையில் தாவும் விலங்கை வீழ்த்த உடல்வலிமை மட்டும் போதாது. அறிவும், பயிற்சியும், தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொடுத்த உழைப்பும் வேண்டும்.

இவற்றினும் நம் கருத்தைக் கவர்வது வேறொன்று. கடலுக்கு வெகுதூரத்திலுள்ள பாகியன்கலவிலே கடற்சிப்பியாற் செய்த மணிகள் கிடைத்துள்ளன. பட்டதொம்பலெனவிலே சுறாவின் முள்ளெலும்பைத் துளைத்துச் செய்த மணி கிடைத்துள்ளது. காட்டு மனிதர் கரைக்கு நடந்து சென்று பெற்றிருக்கலாம்; அல்லது கரைவாழ்நரிடமிருந்து கைமாறி வந்திருக்கலாம். எவ்வாறாயினும், அக்குகை தனித்துக் கிடந்த பொந்து அன்று. காடும் கடலும் மனிதரின் கால்களால் இணைக்கப்பட்டிருந்தன.

அந்தக் கடலும் இன்று நாம் காணும் இடத்தில் இருக்கவில்லை. பனியூழி உச்சமுற்றிருந்த காலத்தில், அதாவது ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றையதினும் சுமார் 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. ஆழமற்ற பாக்குநீரிணை அப்போது தரையாயிருந்தது. பின்னர்ப் பனி உருகிக் கடல் உயர்ந்தது. ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்பே இலங்கை இறுதியாகத் தீவாயிற்று. கடல் கொண்டது கரையோர நிலங்களையேயன்றி ஒரு கண்டத்தை அன்று. விசயன் வந்திறங்கியதாகக் கூறப்படும் நாளுக்கு நாற்பதாயிரம் ஆண்டுகள் முன்னரே இங்கு மனிதர் வாழ்ந்தனர். இந்நிலம் தீவாவதற்கு முன்னரே இங்கு வாழ்ந்தோரை, எந்தக் கரையிலிருந்து வந்தீர் என வினவுதல் பொருந்துமா?

அவர்கள் என்ன மொழி பேசினர் என்பதை எலும்பு சொல்லாது. இத்தீவிற் கிடைத்த மிகப் பழைய எழுத்துக்கே ஏறத்தாழ 2,500 ஆண்டு வயதுதான். ஆகவே, குகை மாந்தரைத் தமிழரென்றோ சிங்களவரென்றோ உரிமை கொண்டாடுவது அறிவியல் ஆகாது. இன்றைய பூசலை இறந்தோர் மீது ஏற்றுவதே ஆகும். இந்நாடு எவருக்குரியது என்னும் பூசல் ஏட்டளவில் நிற்கவில்லை. 1958இலும் 1983இலும் வீடுகள் எரிந்தன. வெள்ளவத்தைத் தெருக்கள் அதனைக் கண்டன.

ஆசிரியர்களாகிய நமக்கு இங்கே ஒரு கடமை உண்டு. அரசர் பட்டியலோடும் படையெடுப்புகளோடும் வரலாற்றுப் பாடத்தைத் தொடங்கும் வழக்கத்தை மாற்றி, கல்லைச் செதுக்கிய கையிலிருந்து தொடங்குவோம். கொட்டாஞ்சேனை மாணவனும் புளத்சிங்கள மாணவனும், அவரவர் மொழியில், அந்தச் சிப்பி மணியைப் பற்றிப் படிக்கட்டும். முதலில் வந்தவர் யார் என்று கேட்குமுன், இதனைச் செய்தவர் எவ்வாறு வாழ்ந்தார் என்று கேட்க அவர்கள் பழகட்டும்.