பேட்டை போன பின் வந்த மன்றம்: சான் பிரான்சிஸ்கோ மனிலாடவுன் போராட்டம், 1968–2005

முன்னுரை

சான் பிரான்சிஸ்கோ நகரில் கியர்னி தெருவும் ஜாக்சன் தெருவும் கூடும் முனையில் 2005 ஆகஸ்டில் ஒரு புதிய கட்டடம் திறக்கப்பட்டது. மேல்தளங்களில் முதியோருக்கான 104 குறைந்த வாடகை வீடுகள். தரைத்தளத்தில் மனிலாடவுன் மையம் என்னும் சமூகக்கூடம். இதே மனையில் முன்பு நின்ற இன்டர்நேஷனல் ஓட்டலைக் காக்கும் போராட்டம் 1968இல் தொடங்கியது. இடைப்பட்ட 37 ஆண்டுகளில் குத்தகை, அரசு கையகப்படுத்தல், நகரத் திட்டமிடல் ஆகிய மூன்று வழிகள் அடுத்தடுத்துக் கையாளப்பட்டன. முதல் இரண்டும் தோற்று மூன்றாவது வென்றது ஏன், அந்த வெற்றி எதை மீட்டது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

பின்னணி

பிலிப்பைன்ஸ் அமெரிக்கக் குடியேற்ற நாடாக இருந்த காலத்தில், 1920களிலும் 30களிலும், அங்கிருந்து இளைஞர்கள் பெருமளவில் கலிபோர்னியா வந்தனர். வயல்களில் அறுவடை செய்தனர். பருவம் மாறினால் அலாஸ்காவின் சால்மன் மீன் பதனிடும் ஆலைகளுக்குப் போயினர். 1934ஆம் ஆண்டுச் சட்டம் புதிதாக வருவோரை ஆண்டுக்கு 50 பேர் எனச் சுருக்கியது. வெள்ளையரை அவர்கள் மணப்பதைக் கலிபோர்னியச் சட்டம் தடுத்தது. 1948இல்தான் மாநில உச்ச நீதிமன்றம் கலப்புமணத் தடையைச் செல்லாததாக்கியது. வந்தவர்களில் பெண்கள் மிகச் சிலரே. எனவே பலர் மணமாகாமலே முதுமை எய்தினர்.

வேலையில்லாப் பருவத்தில் இவர்கள் திரும்பி வந்து தங்கிய இடம் கியர்னி தெரு. முடிதிருத்தகங்கள், பில்லியர்ட்ஸ் கூடங்கள், உணவகங்கள் என ஏறத்தாழ பத்துத் தெருத்தொகுதிகளில் மனிலாடவுன் பரவியிருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அருகிலிருந்த நிதி வணிக வட்டாரம் விரிந்து அதை விழுங்கியது. 1968 வாக்கில் எஞ்சியவற்றுள் முக்கியமானது 1907இல் கட்டப்பட்ட இன்டர்நேஷனல் ஓட்டல். ஓர் ஆளுக்கு ஓர் அறை, குளியலறை பொது, மாத வாடகை 50 டாலருக்கு உட்பட்டது.

முதல் கட்டம்: குத்தகை

1968 இறுதியில், கட்டடத்தை இடித்து வாகன நிறுத்தகம் அமைக்க விரும்பிய அதன் உரிமையாளர் ‘மில்டன் மேயர்’ நிறுவனம் குடியிருப்போரை வெளியேறச் சொன்னது. ஐக்கிய பிலிப்பினோ சங்கம் குத்தகை ஒப்பந்தம் கோரிப் பேச்சு நடத்தியது. உடன்பாடு கைகூடிய வேளையில், 1969 மார்ச்சில், ஓட்டலில் தீப்பிடித்து மூவர் இறந்தனர். மறுபடியும் பேசி, அதே ஆண்டில் குத்தகை பெறப்பட்டது.

இந்தக் காலத்தில்தான் போராட்டத்தின் இயல்பு மாறியது. இனவியல் கல்வித் துறைகள் கோரி வேலைநிறுத்தம் செய்திருந்த பெர்க்லி, சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் மாணவர்கள் ஓட்டலுக்கு வந்து சுவர் பூசினர், பழுது பார்த்தனர். தரைத்தளக் கடையறைகளிலும் நிலவறையிலும் ஆசிய சமூக மையம், ‘எவ்ரிபடிஸ்’ புத்தகக்கடை, 1972 முதல் கியர்னி தெருக் கலைப்பட்டறை ஆகியவை குடியேறின. பட்டறையில் திரை அச்சில் சுவரொட்டிகள் தயாராயின. மாடியில் ‘மனோங்’ என்று மரியாதையுடன் அழைக்கப்பட்ட முதியவர்கள் வாழ்ந்தனர். கீழே இளைஞர்கள் கூடினர். எந்த வரைபடமும் நிதி ஒதுக்கீடும் இல்லாமலே ஒரு சமூகக்கூடம் இயங்கத் தொடங்கிவிட்டது. அறைகளைக் காக்க எழுந்த கோரிக்கை, ஒரு சமூகத்தின் இருப்பிடத்தைக் காக்கும் கோரிக்கையாக வளர்ந்தது இதனால்தான்.

இரண்டாம் கட்டம்: கையகப்படுத்தல்

குத்தகை தந்த பாதுகாப்பு நீடிக்கவில்லை. 1973இல் கட்டடம் ஃபோர் சீஸ் முதலீட்டு நிறுவனத்தின் கைக்கு மாறியது. அந்நிறுவனம் குடியிருப்போரை வெளியேற்ற வழக்குத் தொடுத்தது. நகரின் வீட்டுவசதி ஆணையம் 13 இலட்சம் டாலருக்குக் கட்டடத்தைக் கையகப்படுத்தலாம் என்ற திட்டத்தை மேயர் ஜார்ஜ் மாஸ்கோனி 1976இல் முன்வைத்தார். ஆனால், அந்தத் தொகையைக் குடியிருப்போரே பின்னர் திருப்பிச் செலுத்த வேண்டும் என்றது திட்டம். ஓய்வூதியத்தில் காலந்தள்ளும் முதியவர்களால் ஆகக்கூடியது அன்று அது. நீதிமன்றமும் கையகப்படுத்தலை ஏற்கவில்லை.

வெளியேற்ற ஆணையை நிறைவேற்ற மறுத்த ஷெரிஃப் ரிச்சர்ட் ஹாங்கிஸ்டோ நீதிமன்ற அவமதிப்புக்காக ஐந்து நாள் சிறையில் இருந்தார். பின்னர் அவரே ஆணையை நிறைவேற்றினார். 1977 ஆகஸ்ட் 4 அதிகாலை, சுமார் 3,000 பேர் கைகோத்து ஓட்டலைச் சூழ்ந்து நின்றனர். குதிரைப்படையுடன் வந்த போலீசார் அந்த அரணைப் பிளந்தனர்; தீயணைப்பு வண்டியின் ஏணி வழியே கூரையில் இறங்கினர். ஹாங்கிஸ்டோ சம்மட்டியால் ஓர் அறைக் கதவை உடைத்தார். விடிவதற்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட முதியவர்கள் தெருவில் விடப்பட்டனர்.

மூன்றாம் கட்டம்: திட்டமிடல்

1979இல் இடிப்பு தொடங்கியது. அதன்பின் அங்கு கிடந்தது ஒரு பள்ளம். போராட்டக்காரர்கள் களத்தை மாற்றினர். நகர நிர்வாகம் அமைத்த குடிமக்கள் ஆலோசனைக் குழுவில் இடம்பெற்று, இந்த மனையில் எது எழுந்தாலும் குறைந்த வாடகை வீடுகள் இருந்தே ஆக வேண்டும் என்பதில் உறுதியாக நின்றனர். கர்ட்டிஸ் சோயின் ஆவணப்படமும் (1983) கவிஞர் ஆல் ரோப்லஸின் எழுத்தும் பணியும் நினைவு மங்காமல் காத்தன. 1990களில் கத்தோலிக்க உயர்மறைமாவட்டம் மனையை வாங்கியது. பள்ளிக்கு ஒரு பகுதி, வீடுகளுக்கு ஒரு பகுதி என முடிவாயிற்று. மத்திய அரசின் வீட்டுவசதித் துறை நிதி அளித்தது. சைனாடவுன் சமூக மேம்பாட்டு மையம் வீடுகளைக் கட்டும் பொறுப்பை ஏற்றது. மனிலாடவுன் பாரம்பரிய அறக்கட்டளை தரைத்தள மையத்தை நடத்தும் பொறுப்பை ஏற்றது.

முடிவுரை

முதல் இரு கட்டங்களிலும் போராட்டம் உரிமையாளரின் சொத்துரிமையோடு நேருக்கு நேர் மோதியது. நீதிமன்றத்தில் அந்த உரிமையே வென்றது. மூன்றாம் கட்டத்தில் கேள்வி வேறு: மனை யாருடையது என்பதைவிட, அதில் எதைக் கட்டலாம் என்பதே பேசப்பட்டது. அந்தக் கேள்வியில் குடிமக்களுக்கும் குரல் இருந்தது. அங்கு கட்டட அனுமதியும் அரசு நிதியும் ஆயுதமாயின. எஸ்டெல்லா ஹபால் தம் 2007ஆம் ஆண்டு நூலில் இப்போராட்டத்தைப் பிலிப்பினோ அமெரிக்க இயக்கத்தின் மையமாக வைத்து ஆராய்ந்தார். நகரத் திட்டமிடல் வரலாற்றிலும் அதற்கு இதே அளவு இடம் உண்டு.

ஆயினும் இந்த வெற்றிக்கு ஒரு வரம்பு இருந்தது. 2005இல் புதிய வீடுகளில் முன்னுரிமை பெற்ற பழைய குடியிருப்பாளர்கள் இருவர் மட்டுமே. சமூகக்கூடம் கிடைத்தபோது அதைச் சுற்றி மனிலாடவுன் இல்லை. சமூகக்கூடப் போராட்டங்களைத் திறப்புவிழா ஆண்டைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவது போதாது. கோரிக்கை எழுந்த நாளில் உயிரோடிருந்தவர்களில் எத்தனை பேர் அந்த வாசலைக் கடந்தனர் என்பதே சரியான அளவுகோல். அந்த அளவுகோலில் மனிலாடவுன் பாதி வெற்றியே.