பேச்சிப்பாறை அணை பிறந்த கதை

நவராத்திரிக்கு முன்னால் வேளிமலைக் குமாரசுவாமி எங்கள் ஆரியசாலைக்கு எழுந்தருள்வார். பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் கூடவே வருவார்கள். வழியில் குழித்துறையில் ஒரு ராத்தங்கல், நெய்யாற்றின்கரையில் இன்னொன்று. திருவனந்தபுரம் வந்ததும் சரஸ்வதி கோட்டைக்குள் இருக்கும் நவராத்திரி மண்டபத்துக்கும், நங்கை செந்திட்டைக்கும், குமாரசுவாமி ஆரியசாலை தேவி கோவிலுக்கும் போய்விடுவார்கள். ஒன்பது நாளும் ஊரே கோலாகலமாக இருக்கும். ஆனால் குழித்துறையில் அந்த ஊர்வலம் கடந்து வரும் ஆறு எங்கே பிறக்கிறது, அதை மேலே எங்கே மறித்து வைத்திருக்கிறார்கள் என்று இங்கே கேட்டுப் பார்த்தால் பத்துப் பேரில் இரண்டு பேர் சொன்னாலே அதிகம்.

கோதையாறும் பரளியாறும் திருவட்டாற்றை இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு வந்து மூவாற்றுமுகத்தில் சேர்கின்றன. சேர்ந்த பிறகு அது குழித்துறைத் தாமிரபரணி. அங்கிருந்து தேங்காய்ப்பட்டணத்தில் கடலோடு கலக்கிறது. இந்த இரண்டில் கோதையாற்றை மலையிலேயே பிடித்து நிறுத்தியதுதான் பேச்சிப்பாறை அணை. திருவனந்தபுரத்தில் எங்கள் சாலைக் கடைத்தெருவை உண்டாக்கியவர் திவான் ராஜா கேசவதாஸ். அந்தத் தெருவுக்கும் இந்த அணைக்கும் உள்ள தொடர்பு நெல். திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் நாஞ்சில் நாடு. அங்கே மழை பொய்த்தால் தலைநகரத்தில் அடுப்பு எரிவது சிரமமாகிவிடும்.

நாஞ்சில் நாட்டின் சங்கடம் விசித்திரமானது. மேற்கே மலை நிறைய மழை. கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் போகப் போக மழை குறைந்துகொண்டே வரும். நல்ல வயல் எல்லாம் கிழக்கே, தண்ணீர் எல்லாம் மேற்கே. ஆகவே மேற்குத் தண்ணீரைக் கிழக்கே திருப்பும் வேலை இங்கே ஆயிரம் வருஷமாக நடக்கிறது. 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இரண்டாம் இராசசிம்ம பாண்டியன்தான் பொன்மனையில் பரளியாற்றை மறித்து அணை கட்டியவன் என்பது நாஞ்சில் நாட்டு வரலாற்று வழக்கு. அந்த அணையிலிருந்து பாறையைக் குடைந்து வெட்டிய பாண்டியன் கால் என்ற வாய்க்கால், சுருளகோட்டுப் பக்கம் பழையாற்றில் விழுகிறது. ஒரு படுகையின் நீரை இன்னொரு படுகைக்கு மாற்றும் வேலை அது. இன்றைக்கு நதிநீர் இணைப்பு என்று மேடை போட்டுப் பேசுகிறோமே, அதேதான். வெடிமருந்து இல்லாத காலத்தில் உளியையும் நெருப்பையும் வைத்துக்கொண்டு செய்திருக்கிறார்கள். அடுத்த பெரிய வேலை 18ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா செய்தது. பாண்டியன் அணைக்குச் சற்றுக் கீழே புத்தன் அணையைக் கட்டி, பத்மநாபபுரம் புத்தனாற்றை வெட்டிக் கல்குளம் பக்கத்து ஏலாக்களுக்கு, அதாவது நெல்வயல்களுக்கு, தண்ணீர் கொண்டுபோனார்கள்.

இவ்வளவு செய்தும் ஒரு குறை தீரவில்லை. பாண்டியன் கட்டியதும் மார்த்தாண்டவர்மா கட்டியதும் தண்ணீரைத் திருப்பிவிடும் அணைகள். தேக்கி வைக்கும் அணைகள் அல்ல. ஆற்றில் நீர் இருந்தால் காலில் நீர் போகும். ஆறு மெலிந்தால் காலும் மெலியும். ஆனி ஆடியில் வெள்ளம் பெருகும்போது வயலுக்கும் மழை கிடைத்துவிடுகிறது. கும்பப்பூ என்னும் இரண்டாம் போகத்தின் கதிர் பால் பிடிக்கும் தை மாசத்தில், இனி ஒரு நனைப்பு கிடைத்தால் போதும் என்று விவசாயி ஏங்குகிற நேரத்தில் பரளியாறு கணுக்கால் அளவுக்கு இறங்கிவிடும். கடைவரம்பு வயல்கள் கருகும். பக்கத்திலேயே, அதைவிடப் பெரிய காட்டை வடித்துக்கொண்டு வரும் கோதையாறு யாருக்கும் உதவாமல் தேங்காய்ப்பட்டணத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பேச்சிப்பாறை இந்தக் குறையிலிருந்து பிறந்த அணை. அதை மூலம் திருநாள் மகாராஜா கட்டினார் என்றோ வெள்ளைக்காரர் கட்டினார் என்றோ ஒரே வரியில் முடித்துவிடுவது எனக்கு ஒப்பவில்லை. கோதையாற்றில் ஒரு பெரிய தேக்கம் கட்டு. அதன் நீரை இடதுகரைக் கால் வழியாகப் புத்தன் அணைக்குக் கொண்டுபோய் விடு. அங்கிருந்து பாண்டியன் வெட்டிய காலும் மார்த்தாண்டவர்மா வெட்டிய காலும் அதைச் சுமந்து போகட்டும். திட்டத்தின் சாரம் இதுதான். பழைய கால்கள் அங்கே இல்லாவிட்டால் புதிய அணைக்குப் பாதி வேலைகூட இருந்திருக்காது. ஆயிரம் வருஷத்துக் கைவேலை ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி நிற்கிறது.

காலம் கனிந்தது 1890களில். மூலம் திருநாள் 1885இல் பட்டத்துக்கு வந்தார். மறு வருஷமே பெரியாற்று நிலத்தைச் சென்னை அரசுக்கு 999 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1895இல் பொறியாளர் பென்னிகுயிக் அங்கே கட்டிய அணை முடிந்து, திருவிதாங்கூர் மலையில் பெய்த மழை மதுரைச் சீமைக்குப் பாயத் தொடங்கியது. மலைக்காட்டுக்குள் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு ஆற்றை நிறுத்த முடியும் என்பது கண்ணெதிரே நிரூபணமாகிவிட்டது. இரண்டே வருஷத்தில், 1897இல், திருவிதாங்கூர் தன் சொந்த வயலுக்காகத் தன் சொந்தப் பணத்தில் கோதையாற்றில் கை வைத்தது. அப்போது திவான் சங்கரசுப்பையர். அவருக்குப் பின் கிருஷ்ணசுவாமி ராவ், அவருக்குப் பின் மாதவ ராவ் என்று திவான்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், வேலை நிற்கவில்லை. 1906இல் அணை முடிந்தது. செலவு ரூ. 26.1 லட்சம். சமஸ்தானத்தின் ஓராண்டு வருமானமே ஒரு கோடியைச் சுற்றித்தான் இருந்த காலம் அது என்பதை நினைத்தால் இந்தத் தொகையின் கனம் தெரியும்.

இடத்தைத் தேர்ந்தவர் கண் நல்ல கண். கல்லாறு, சிற்றாறு, குற்றியாறு மூன்றும் கூடும் இடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் கீழே, இரண்டு மலைகளுக்கு நடுவில் அணை நிற்கிறது. நீளம் 425 மீட்டர். இதற்கு நீர் தரும் காட்டுப் பரப்பு 200 சதுர கிலோமீட்டருக்கு மேல். பொறுப்பேற்றுக் கட்டியவர் மின்சின் என்ற ஐரோப்பியப் பொறியாளர். மின்சின் துரை ஊர்க்காரர் வாயில் மூஞ்சித்துரை ஆனார். அவர் கல்லறை அணைப் பக்கத்திலேயே இருக்கிறது. விவசாயிகள் அங்கே மாலை போடுவதுண்டு. மாலைக்கு அவர் தகுதியானவர்தான். ஆனால் கல் உடைத்தவர்களும் சுண்ணாம்பு அரைத்தவர்களும் மண் சுமந்தவர்களும் எத்தனையோ ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். பெரியாற்று வேலையில் மலைக்காய்ச்சலுக்கும் காலராவுக்கும் நூற்றுக்கணக்கான உயிர் போனது. அதே மேற்கு மலையில் ஒன்பது வருஷம் கூடாரம் போட்டுக் கிடந்தவர்களுக்கு அங்கே ஒரு நடுகல்லாவது வேண்டும் என்பது என் ஆசை.

ஆரியசாலையிலிருந்து பேச்சிப்பாறை சுமார் 60 கிலோமீட்டர். களியக்காவிளை, மார்த்தாண்டம் வழியாகக் குலசேகரம் போய், அங்கிருந்து மலைப்பக்கம் திரும்ப வேண்டும். குலசேகரம் தாண்டியதும் ரப்பர் தோட்டங்கள் தொடங்கிவிடும். காலையில் போனால் பால் வெட்டுகிறவர்களைப் பார்க்கலாம். மரத்தில் சாய்வாக ஒரு கோடு இழுப்பார்கள், வெள்ளைப் பால் அந்தக் கோட்டிலேயே வழிந்து சிரட்டையில் சொட்டும். வீட்டு முற்றங்களில் ரப்பர் ஷீட் காயும் புளிப்பு வாடை அணை வரைக்கும் கூட வரும்.

அணையை அவசரமாகப் பார்த்துவிட்டுத் திற்பரப்பு அருவிக்கு ஓடுகிறவர்கள்தான் அதிகம். அது தவறு. அணைக்குக் கீழே போய் நின்று சுவரைக் கிட்டே பார்க்க வேண்டும். கருங்கற்கள் ஒரே அளவில் இல்லை; பெரியதும் சிறியதுமாக, ஒன்றின் கோணலுக்கு இன்னொன்றின் கோணலைப் பொருத்தி வைத்திருக்கிறார்கள். இடுக்குகளில் சுண்ணாம்பு கசிந்து வெள்ளைத் தாரைகளாக இறங்கிக் காய்ந்திருக்கிறது. அதன்மேல் பாசி, பாசிக்குள் விரல் நீளப் பெரணி. சில இடங்களில் புதுச் சிமெண்ட் பூச்சு தெரியும். உலக வங்கிக் கடனில் நடந்த அணைகள் சீரமைப்புத் திட்டத்தில் பலப்படுத்திய பகுதி. பழைய கல்லும் புதிய பூச்சும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் எந்தக் காலத்துக் கை எது என்று தனித்தனியாகப் படிக்க முடிகிறது.

பிறகு நீர்த்தேக்கத்தின் கரையோடு நடக்கலாம். கோடையில் நீர் இறங்கியிருக்கும்போது நடப்பதுதான் எனக்குப் பிடிக்கும். செம்மண் சரிவில் நீர் படிப்படியாக இறங்கிய தடம் கோடு கோடாகத் தெரியும். பழைய மரங்களின் அடிக்கட்டைகள் தலை நீட்டும். எதிரே மலை, அதற்கு மேல் மலை. அந்த உச்சிப் பக்கம்தான் மேல் கோதையாறு. 2023 ஜூனில் கம்பம் பக்கத்தில் பிடித்த அரிக்கொம்பன் என்ற காட்டு யானையைக் கொண்டுபோய் விட்டது அங்கே, முத்துக்குழி வயல் பக்கம். எங்கள் ஊரில் அந்த யானைக்காகக் கண்ணீர் விடாத வீடில்லை. கரைத்தடத்தில் கொஞ்ச தூரம் போனதும் காப்புக்காடு. அதற்கு மேல் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக்கூடாது. யானைத் தடம் உள்ள இடம்.

கரையில் படகுத்துறை இருக்கிறது. சுற்றுலாப் படகைச் சொல்லவில்லை. தேக்கத்துக்கு அக்கரையில் தோட்டமலை போன்ற காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகள் இருக்கின்றன. வாழைக்குலை, மரச்சீனி, நல்லமிளகு என்று மலைச்சரக்கு எல்லாம் படகில் இக்கரை வருகிறது. அரிசியும் மருந்தும் அக்கரை போகின்றன. தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு எந்திரமும் படகில்தான் போகும். அணை வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் நடந்து கடக்கிற ஆறுதான் இருந்தது. நாஞ்சில் நாட்டு வயலுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும் என்று முடிவானபோது, அந்தத் தண்ணீர் காணிகளின் காட்டில் வந்து நின்றது. அணையின் பிறப்பைச் சொல்கிறவர்கள் ராஜாவையும் துரையையும் சொல்கிறார்கள், இதைச் சொல்வதில்லை. பிரசவ நேரத்தில் பெண்ணை அக்கரைக்கும் இக்கரைக்கும் படகில் ஏற்றி இறக்க வேண்டிய நிலை நூறு வருஷத்துக்கு மேலாகியும் நீடிப்பது நியாயமே இல்லை.

பிற்பாடு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பரளியாற்றில் பெருஞ்சாணி அணை 1950களில் வந்தது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. திருவிதாங்கூர் பணத்தில் கட்டிய அணை தமிழ்நாட்டுக்கும், அதன் அரிசியைத் தின்று வளர்ந்த தலைநகரம் கேரளத்துக்கும் போயின. சிற்றாறு அணைகள் அதற்குப் பின்னால். 1970களின் தொடக்கத்தில் மேலே கோதையாற்று மின்நிலையங்கள் இரண்டு, 60 மெகாவாட்டும் 40 மெகாவாட்டும்; அவை சுழற்றிவிட்ட தண்ணீரும் பேச்சிப்பாறைக்கே வந்து சேர்கிறது. இன்று முழு நீர்மட்டம் 48 அடி. 42 அடி வந்துவிட்டாலே கரையோர ஊர்களுக்கு வெள்ள எச்சரிக்கை விடுவார்கள். 2021 அக்டோபர், நவம்பர் மழையில் மறுகால் திறந்தபோது திற்பரப்பிலும் குழித்துறையிலும் ஆறு எப்படிப் போயிற்று என்று பார்த்தவர்கள் அந்த எச்சரிக்கையை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

முதல் போகமான கன்னிப்பூவுக்காக வழக்கமாக ஜூன் 1 அன்று மதகு திறப்பார்கள். கும்பப்பூ முடிந்து பிப்ரவரிக் கடைசியில் அடைப்பார்கள். கோதையாறு பாசனத்துக்கு அரசாணையில் 79,000 ஏக்கர் கணக்கு. தோவாளைக் கால் ஓரமாகவோ அனந்தனாற்றின் ஓரமாகவோ போய்ப் பார்த்தால் அந்தக் கணக்கில் பாதிக்கு வாழையும் தென்னையும் பிளாட் போட்ட மனைக்கற்களும்தான் கண்ணில் படும். நாகர்கோவிலை ஒட்டிய ஏலாக்களை வீடுகள் விழுங்கிவிட்டன. காலில் பிளாஸ்டிக்கும் ஆகாயத்தாமரையும் அடைத்துக்கொண்டு, மேலே மதகு திறந்து பல நாளாகியும் கடைவரம்புக்கு நீர் போய்ச் சேராமல் விவசாயிகள் மண்வெட்டியோடு கால் ஏறி நிற்கும் காட்சி வருஷா வருஷம் நடக்கிறது. அணையில் தண்ணீர் இருக்கிறது. அதைக் கொண்டுபோக வேண்டிய பாண்டியன் காலத்து, மார்த்தாண்டவர்மா காலத்துக் கால்களைத்தான் கவனிப்பாரில்லை. தூர்வாரும் பணியை ஏப்ரல், மே மாதங்களிலேயே முடித்துவிட வேண்டும். நீர் திறப்புத் தேதி நெருங்கும்போது ஜேசிபியைக் கொண்டுவந்து நிறுத்துவதில் பயனில்லை.

பேச்சிப்பாறைக்குப் போகிறவர்கள் திரும்பும்போது பொன்மனை வழியாக வாருங்கள். கொஞ்சம் சுற்றுவழிதான். பாண்டியன் அணையும் புத்தன் அணையும் அங்கே கிட்டத்தட்ட அரைக் கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. இரண்டையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம்.