ஆதரவற்ற குழந்தைகளுக்கான தன்னார்வப் பணி

ஆதரவற்ற குழந்தைகளுக்கான தன்னார்வப் பணி என்பது பெற்றோரை இழந்த, அல்லது பெற்றோரின் பராமரிப்புக் கிடைக்காத குழந்தைகளுக்கு ஊதியம் கருதாமல் கல்வி, உணவு, மருத்துவம் முதலிய வழிகளில் உதவுவதைக் குறிக்கும். மேலைநாட்டு இளைஞர்கள் ஆப்பிரிக்கச் சிற்றூர்களுக்குச் சென்று சில வாரங்கள் இல்லங்களில் பணிபுரிவது இதன் நன்கறியப்பட்ட வடிவமாகும். தமிழ்நாட்டில் பிறந்தநாளன்று ஓர் இல்லத்தில் மதிய உணவு வழங்குவதும், வார இறுதியில் சென்று பாடம் சொல்லித்தருவதும் பரவலாக உள்ளன. நல்லெண்ணத்தோடு செய்யப்படும் இப்பணி குழந்தைக்கு எப்போது நன்மையாகிறது, எப்போது தீங்காகிறது என்பது விவாதத்திற்குரியது.

சொல்லும் பொருளும்

யுனிசெப் அமைப்பின் கணக்கீட்டில், தாய் தந்தையரில் ஒருவரையேனும் இழந்த 18 வயதிற்குட்பட்டவர் அநாதைக் குழந்தை எனப்படுகிறார். இந்தியாவின் இளைஞர் நீதிச் சட்டம் (2015) இச்சொல்லைக் குறுகிய பொருளில் ஆள்கிறது. பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ இல்லாத குழந்தையும், பாதுகாவலர் ஏற்க விரும்பாத அல்லது பராமரிக்க இயலாத குழந்தையுமே அதன்படி அநாதை ஆவர். இவ்வேறுபாடு சிறிதன்று. உலகெங்கும் இல்லங்களில் வாழும் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாய் அல்லது தந்தை உயிருடன் உள்ளார். அவர்களை இல்லத்திற்கு அனுப்பியது பெரும்பாலும் வறுமையே. ஆப்பிரிக்காவிலும் எயிட்சு நோயால் பெற்றோரை இழந்த குழந்தைகளில் மிகப் பலர் பாட்டி, அத்தை, சித்தப்பா போன்ற உறவினரிடமே வளர்ந்தனர். வெளிநாட்டுத் தன்னார்வலர் பொதுவாகச் சந்திப்பது இல்லத்திலிருக்கும் குழந்தையைத்தான். பாட்டியிடம் வளரும் குழந்தை அவர் கண்ணில் படுவதில்லை.

தமிழ்நாட்டில்

அயர்லாந்தைச் சேர்ந்த ஏமி கார்மைக்கேல் 1895 இல் இந்தியா வந்தார். 1901 முதல் திருநெல்வேலிப் பகுதியிலுள்ள டோனாவூரில் குழந்தைகளை வளர்த்தார். 1951 இல் இறக்கும்வரை அவர் ஒருமுறைகூடத் தாயகம் திரும்பவில்லை. அவருடைய சமயப்பரப்புப் பணி குறித்து மாறுபட்ட கருத்துகள் இருப்பினும், இரண்டு வாரப் பணியாளர்களைப் பற்றிய இன்றைய விவாதத்தில் அவருடைய 50 ஆண்டுத் தொடர்ச்சி நினைவுகூரத்தக்கது. சென்னையில் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி நிறுவிய அவ்வை இல்லமும் இவ்வரலாற்றில் முக்கியமானது.

2004 டிசம்பர் 26 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடற்கரைக்குத் தன்னார்வலர்கள் பெருந்திரளாக வந்தனர். குழந்தைகளைத் தத்தெடுக்க விரும்பிப் பலர் அணுகினர். குழந்தை கடத்தல் குறித்த அச்சமும் எழுந்தது. பெற்றோரை இழந்த குழந்தைகளைத் தனியார் நேரடியாக அழைத்துச் செல்ல அரசு இடமளிக்கவில்லை. உறவினரிடம் வளர இயலாதோருக்காக நாகப்பட்டினம் உள்ளிட்ட இடங்களில் அரசு இல்லங்கள் அமைக்கப்பட்டன.

மாமல்லபுரப் பகுதி இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவதாக வெளிவந்த ஒரு நாளிதழ்க் கட்டுரையைத் தொடர்ந்து, 2007 இல் உச்ச நீதிமன்றம் தாமாகவே ஒரு வழக்கை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. பத்தாண்டுகளுக்குப் பின், 2017 மே மாதத்தில், நீதிபதிகள் மதன் லோகூர், தீபக் குப்தா ஆகியோர் தீர்ப்பளித்தனர். நாட்டிலுள்ள எல்லாக் குழந்தைகள் இல்லங்களும் பதிவு செய்யப்பட வேண்டும், ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்த பராமரிப்புத் திட்டம் வேண்டும், சமூகத் தணிக்கை நடத்தப்பட வேண்டும் என்பன அதன் கட்டளைகளுள் சில.

விமர்சனங்கள்

சில வாரங்களுக்கு ஒருமுறை புதியவர் வந்து, அன்பு காட்டி, பின் மறைவது சிறு குழந்தைகளின் பற்றுணர்வைப் பாதிக்கிறது என்பது உளவியலாளர் கருத்து. வருவோர் தரும் நன்கொடைக்காகவே குழந்தைகள் இல்லங்களில் சேர்க்கப்படுவது கம்போடியா, நேபாளம் போன்ற நாடுகளில் வெளிப்பட்டது. ஆத்திரேலியா 2018 இல் இயற்றிய நவீன அடிமைமுறைச் சட்டத்தின்போது இதுவும் ஆராயப்பட்டது. ருவாண்டா 2012 இல் இல்லங்களைப் படிப்படியாக மூடிக் குழந்தைகளைக் குடும்பங்களில் சேர்க்கும் கொள்கையை ஏற்றது.

இல்லக் குழந்தைகளோடு எடுத்த ஒளிப்படங்களை இணையத்தில் இடுவோர், இந்தியச் சட்டத்தின் 74ஆம் பிரிவை அறிந்திருப்பது நல்லது. பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவதற்கு ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டு இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்க அதில் இடமுண்டு.

பழவேற்காடு ஏரிப் பகுதி

திருவள்ளூர் மாவட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர் ஆரம்பாக்கம். இதன் கிழக்கே பழவேற்காடு ஏரி உள்ளது. ஏரியைச் சார்ந்த மீனவர் ஊர்கள் சிலவற்றில் மீன்பிடிக்கும் இடத்தை முறைவைத்துப் பகிரும் 'பாடு' என்னும் மரபு உண்டு; அதில் பங்கு ஆண்களுக்கே உரியது. ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களும் இங்கு வாழ்கின்றன. முகத்துவாரம் தூர்ந்தால் ஏரியில் மீன்வளம் குறையும். கடலுக்குச் செல்வோருக்குப் படகு கவிழும் ஆபத்தும் உண்டு. உழைக்கும் ஆண் இறந்த வீட்டில் குழந்தைக்குத் தாய் இருக்கிறாள், ஊர் இருக்கிறது, நின்றுபோவது வருமானமே. அக்குழந்தையை இல்லத்தில் சேர்த்து அங்குச் சென்று பாடம் நடத்துவதைவிட, தாயிடமே இருந்து பள்ளிக்குச் செல்ல உதவுவது குறைந்த செலவிலும் முடியும்.

இவ்வகை உதவிக்கு அரசுத் திட்டங்கள் உள்ளன. ஒன்றிய அரசின் மிசன் வாத்சல்யா திட்டத்தில், தகுதியுள்ள குழந்தைக்குக் குடும்பத்திலேயே வளர மாதம் 4,000 ரூபாய் வழங்க 2022 ஆம் ஆண்டின் வழிகாட்டுதல்கள் வகைசெய்கின்றன. தமிழ்நாடு அரசின் அன்புக்கரங்கள் திட்டம் (2025) மாதம் 2,000 ரூபாய் வழங்குகிறது. விண்ணப்பம் எழுதுதல், இறப்புச் சான்றிதழும் வங்கிக் கணக்கும் பெற்றுத்தருதல், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திற்கு உடன் செல்லுதல் ஆகியவை எழுத்தறிவு குறைந்த தாய்க்குக் கடினமானவை. ஒளிப்படத்திற்கு ஏற்ற வேலைகள் அல்லவெனினும் தன்னார்வலர் இவற்றில் பெரிதும் பயன்படுவர். 2021 அக்டோபரில் மரக்காணம் அருகே ஒரு கடலோர ஊரில் தொடங்கிவைக்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டம், பாடம் சொல்லித்தர வெளியூராரை அழைக்காமல் அந்தந்த ஊராரையே தன்னார்வலராக்கியது. குழந்தைகளுக்கான இலவச உதவித் தொலைபேசி எண் 1098 ஆகும்.