கைவழி வந்த அம்மைப்பால்

1803-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 30-ஆம் தேதி, ஸ்பெயின் தேசத்தின் வடமேற்கு மூலையிலுள்ள லா கொருன்யா துறைமுகத்திலிருந்து ‘மரியா பீட்டா’ என்னும் சிறு கப்பல் பாய் விரித்துப் புறப்பட்டபோது, அது ஏற்றிச் சென்ற பொருள்களுள் விலைமதிக்க முடியாத ஒன்று எந்தப் பெட்டியிலும் இருக்கவில்லை. மூன்று வயதிலிருந்து ஒன்பது வயதுக்குட்பட்ட, பெரும்பாலும் அனாதைகளான 22 சிறுவர்களின் கைத்தோலையே அது தனக்குரிய கலமாகக் கொண்டிருந்தது. அப்பொருள்தான், இங்கிலாந்தில் எட்வர்ட் ஜென்னர் 1796-இல் ஜேம்ஸ் பிப்ஸ் என்ற எட்டு வயதுப் பையனுக்கு, வைசூரியைத் தடுப்பதற்காக முதன்முதலில் குத்திப் பரீட்சித்த பசு அம்மையின் பால். தம் குடும்பத்திலேயே வைசூரியின் கொடுமையைக் கண்டிருந்த ஸ்பெயின் மன்னர் நான்காம் சார்லஸ், சமுத்திரத்துக்கு அப்பாலுள்ள தம் பிரஜைகளுக்கு அதனைக் கொண்டுசேர்க்கும்படி பிரான்சிஸ்கோ ஹாவியர் தெ பால்மிஸ் என்னும் வைத்தியரைப் பணித்தார். பிள்ளைகளைப் பேணும் பொறுப்பை, லா கொருன்யா அனாதை விடுதியை நடத்திவந்த இசபெல் சென்டால் என்ற பெண்மணி ஏற்றுக்கொண்டார். அந்த 22 பேரில் ஒருவன் அவருடைய மகன்.

அம்மைப்பாலை நூலில் தோய்த்து உலர்த்தியும், இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே வைத்து மெழுகால் அடைத்தும் அனுப்பும் வழக்கம் அப்போதே இருந்தது. பக்கத்து ஊருக்கு அது போதும். வெப்ப மண்டலக் கடல்களில் வாரக்கணக்காகப் பிரயாணம் செய்யும்போது அதன் சக்தி அவிந்துவிடும். ஆகவே பால்மிஸ் உயிருள்ள சரீரங்களையே நம்பினார்.

அந்த ஏற்பாட்டைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். ஊசிமுனையால் தோலைக் கீறிப் பாலைத் தடவியபின் முதல் இரண்டு மூன்று நாள்கள் எதுவும் தெரியாது. பிறகு ஒரு சிவந்த தடிப்பு எழும். ஐந்தாம் ஆறாம் நாளில் அது நீர் கோத்த கொப்புளமாகும். எட்டாம் ஒன்பதாம் நாளில், நடுவே சிறிது குழிந்து, முத்தைப் போன்ற நிறத்துடன், தெளிந்த நீர் நிரம்பி நிற்கும். குத்தி எடுக்க வேண்டிய தருணம் அதுவே. அதற்குப் பின் நீர் கலங்கிச் சீழாகி, பொருக்குத் தட்டி, வீரியமற்றுப் போகும். எனவே ஒன்பது பத்து நாள்களுக்கு ஒருமுறை, முன்னவனுடைய கொப்புளத்தைத் திறந்து அடுத்தவனுடைய கையில் குத்தவேண்டும். ஒருவனுக்குப் பிடிக்காமல் போனால் சங்கிலியே அறுந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் இருவருக்குக் குத்தினார்கள். ஒருமுறை குத்தப்பட்ட பிள்ளையின் உடம்பு அந்த அம்மையை மறுபடி ஏற்காதாகையால், ஒவ்வொரு பிள்ளையும் அந்தச் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணியாகத்தான் இருக்க முடியும். இத்தனை பிள்ளைகள் ஏன் என்பதற்கு விடை இதுதான்.

சங்கிலி அறுந்துபோகும் நிலையும் நேர்ந்தது. போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வெனிசுவேலாவுக்குச் சென்ற கடற்பயணத்தின் முடிவில், 1804 மார்ச் மாதம் கரையிறங்கியபோது, முற்றிய கொப்புளம் ஒரே ஒரு பிள்ளையின் கையில்தான் எஞ்சியிருந்தது. அதிலிருந்து உடனடியாக 28 குழந்தைகளுக்குக் குத்தினார்கள். ஒரு கண்டத்தின் ஒரு பகுதிக்குச் சேரவேண்டிய பாதுகாப்பு முழுவதும், பெயர்கூட நாம் அறியாத ஒரு பிள்ளையின் கையில், அரை விரற்கடை அகலமுள்ள ஒரு கொப்புளத்தில் தங்கி நின்ற அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நடுங்குகிறது.

பாலைப் புட்டியில் அடைத்துப் பெருக்க முடியாமற்போனதன் காரணத்தை பால்மிஸ் அறியார். அக்காலத்தில் எவருமே அறியார். 1898-இல் ஹாலந்து தேசத்து பெய்யரிங்க் என்பவர் புகையிலைச் செடியின் தேமல் நோயை ஆராய்ந்து, அந்நோயின் வித்து, வளரும் உயிர்த் திசுவுக்குள் அன்றி வேறெங்கும் விருத்தியடையாது என்று கண்டு கூறினார். அதன் அந்தரங்கம் முற்றிலும் விளங்க இன்னும் அறுபது ஆண்டுகள் ஆயின. காஞ்சிபுரத்துத் தறியில் சேலையின் கரை எப்படி வரவேண்டும் என்பதைத் துளையிட்ட அட்டைகளின் கோவை தீர்மானிப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். அந்த வித்தாகிய வைரஸ் அத்தகைய அட்டைக் கோவை மட்டுமே. அதற்குத் தறி இல்லை, பாவு இல்லை, ஊடை இல்லை, நெய்பவனும் இல்லை. உயிரணு என்னும் நெசவுக்கூடத்துக்குள் அது நுழைந்து தன் அட்டையை மாட்டிவிட்டால், அங்குள்ள ரைபோசோம்கள் என்னும் தறிகள், யாருடைய அட்டை என்று கேளாமல், வீட்டு நூலையும் வீட்டு விறகையும் செலவிட்டு அந்நியனுக்குரிய புரதங்களை நெய்துகொண்டே இருக்கும். 1961-இல் பிரென்னர், ஜாக்கோப், மெசல்சன் ஆகிய மூவர், பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸை வைத்துச் செய்த பரிசோதனையில் இது ஐயமற நிரூபணமாயிற்று: வைரஸ் நுழைந்தபின் புதிய ரைபோசோம் ஒன்றும் உண்டாகவில்லை, பழைய ரைபோசோம்களே புதிய கட்டளையை ஏற்றன.

அம்மை இனத்து வைரஸ்களிடம் ஒரு விசேஷமும் உண்டு. விலங்குகளைத் தாக்கும், டி.என்.ஏ.யை வித்தாகக் கொண்ட வைரஸ்களுள் பெரும்பாலானவை உயிரணுவின் உட்கருவுக்குள் புகுந்து, அங்குள்ள எழுத்தரைக் கொண்டே தம் ஓலையைப் படியெடுத்துக்கொள்ளும். அம்மை வைரஸோ உட்கருவுக்கு வெளியிலேயே தங்கிவிடுகிறது. ஆதலால் படியெடுக்கும் நொதியைத் தன்னுடனேயே கொண்டுவருகிறது. இது 1967-இல் தெரியவந்தது. ஆயினும் அத்தனை தற்சார்புடைய இவ்வினமும் தறி ஒன்றை மட்டும் கொண்டுவரவில்லை. பிள்ளைகளின் தோலில் எட்டாம் நாள் தளும்பி நின்ற நீர், அவர்களுடைய உயிரணுக்கள் தம் நூலையும் உழைப்பையும் ஈந்து நெய்து தந்தது.

நம் நாட்டுக்கு அம்மைப்பால் வந்ததும் கைவழியாகத்தான். வியன்னாவிலிருந்து பாக்தாத், பாஸ்ரா வழியாக வந்த பாலைக் கொண்டு, 1802 ஜூன் 14-ஆம் தேதி பம்பாயில் ஆன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்குக் குத்தினார்கள். இந்தியாவில் அது முதன்முதலாகப் பலித்தது அக்குழந்தையிடத்தில். அங்கிருந்து கை மாறி, கை மாறி, அவ்வாண்டிலேயே சென்னைக்கும் இலங்கைக்கும் வந்து சேர்ந்தது. கையிலிருந்து கைக்குக் குத்துவதில் ஒருவருடைய மற்ற நோயும் கூடவே பரவும் அபாயம் இருந்தது. இத்தாலியில் ரிவால்டா என்னும் ஊரில் 1861-இல் பல குழந்தைகளுக்கு மேகநோய் இவ்வாறு தொற்றிற்று. கன்றின் தோலில் பாலை விளைவிக்கும் முறை பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். சென்னையில் கிண்டியிலுள்ள கிங் நிலையம் 1899-இல் தொடங்கப்பட்டதே அம்மைப்பால் தயாரிப்பதற்காகத்தான். என் தாயாரின் கையில் காலணா அளவில் சுருங்கிப் பளபளத்த தழும்பு, அப்படி ஏதோ ஒரு கன்று விளைத்துத் தந்த பாலின் சுவடு. பிள்ளையின் இடத்துக்குக் கன்று வந்ததேயன்றி, உயிருள்ள தோல் வேண்டும் என்ற நிர்ப்பந்தம் மாறவில்லை.

வெனிசுவேலாவுக்குப் பின்னும் பயணத்தைத் தொடர்ந்த பால்மிஸ், 1805-இல் மெக்ஸிகோவின் அகபுல்கோ துறையிலிருந்து மணிலாவுக்குப் புறப்பட்டபோது, மெக்ஸிகோ நாட்டுப் பிள்ளைகள் 26 பேரை உடன் கொண்டுசென்றார். அக்கப்பலில் அவர்களுக்கு நல்ல படுக்கையில்லை. தரையில் நெருக்கிப் படுத்திருந்த பிள்ளைகள், கப்பல் ஆடும்போது ஒருவர்மேல் ஒருவர் உருண்டு, முறை வராதவர்களுக்கும் கொப்புளம் தொற்றிவிட்டது. இசபெல் அங்கும் உடனிருந்தார். அப்பிள்ளைகள் 1807-இல் மெக்ஸிகோவுக்குத் திரும்பினர். ஆனால் லா கொருன்யாவிலிருந்து முதலில் புறப்பட்ட சிறுவர்கள், தொழில் ஒன்று கைகூடும் வரை அரசாங்கச் செலவில் வளர்க்கப்படுவார்கள் என்ற அரசரின் வாக்குறுதியோடு, மெக்ஸிகோ நகரத்து விடுதியில் விடப்பட்டார்கள். சிலரைக் குடும்பங்கள் ஏற்றுக்கொண்டன. ஸ்பெயினுக்கு அவர்கள் திரும்பவில்லை.