வெள்வேலும் எறும்பின் கூலியும்

வேடசந்தூர் பக்கம் எங்கள் கொறங்காட்டில் வெள்வேல மரத்தடியில் உட்கார்ந்தவர் எறும்பைத் திட்டாமல் எழுந்ததில்லை. இலைக்காம்பில் கடுகைவிடச் சின்னதாக ஒரு சுரப்பி இருக்கும். அதில் கசியும் இனிப்புக்காகத்தான் எறும்பு ஏறுகிறது.

அது இனாம் இல்லை, கூலி. இதை விரிவாக எழுதியவர் தாமஸ் பெல்ட். நிகரகுவா தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த எஞ்சினியர் (நம்ம இனம்!). அங்குள்ள வேலமரத்தின் முள் மாட்டுக்கொம்பு மாதிரி, உள்ளே கூடு. எறும்பு அதில் குடியிருக்கிறது. குடிக்கத் தேன், தின்ன இலை நுனியில் மஞ்சள் உருண்டை. பதிலுக்கு இலை தின்ன வருவதையெல்லாம் கடித்து விரட்டுகிறது. மரம் வைத்திருக்கும் படை அது என்றார் பெல்ட், 1874-இல். பலர் நம்பவில்லை. டேனியல் ஜான்சன் மெக்சிகோவில் எறும்புகளை அகற்றிப் பார்த்தார். மரங்களைப் பூச்சிகள் மொட்டையடித்தன. 1966-இல் அதை வெளியிட்டார்.

நம்ம வெள்வேலில் வீட்டு வசதியெல்லாம் கிடையாது. தினக்கூலிதான்.

எனக்குத் தூக்கம் கெட்டது கென்யா கதையில். 1995-இல் மின்வேலி போட்டு யானை, ஒட்டகச்சிவிங்கியை வெளியே நிறுத்தினார்கள். பத்து வருடம் கழித்து, மேய வருபவர் இல்லாததால் உள்ளிருந்த மரங்கள் தேனையும் கூட்டு முள்ளையும் குறைத்திருந்தன. காவல் எறும்பு மெலிந்தது. காவல் காக்காத வேறு எறும்பு இடம் பிடித்தது, தண்டு துளைக்கும் வண்டு பெருகியது. மேய்ச்சல் நின்ற மரங்கள்தான் அதிகம் செத்தன. 2008-இல் டாட் பாமர் குழு இதை எழுதியது.

நான் அதைப் படித்த வாரம், செம்மறிகளை விற்றுவிட்டு கிளுவை வேலியை அடைத்துவிடலாம் என்று அப்பாவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். "மரமாவது நிம்மதியா இருக்கும்ப்பா" என்றேன்.

கென்யா கணக்கை இங்கே அப்படியே போட முடியாது, எறும்பு இங்கே குடியிருப்பதில்லை. ஆனால் கொறங்காடு என்பதே ஒரு உடன்படிக்கை. வெள்வேல், கொழுக்கட்டைப் புல், கிளுவை வேலி, ஆடுமாடு. வெள்வேலங்காயைத் தின்ற ஆட்டின் புழுக்கையோடு விதை விழும். வயிற்றில் ஊறி வந்த விதைக்கு முளைக்கத் தெம்பு அதிகம்.

"ஆட்ட வித்துட்டா புதுக் கன்னு எங்கேருந்துடா வரும்?" என்றார் அப்பா. எனக்குப் பதில் வரவில்லை. பேச்சை மாற்றி, இந்த வருடம் காய் எப்படி என்று கேட்டேன். உலுக்கி முடித்து மூட்டை கட்டியாச்சாம், முதுகெல்லாம் எறும்புக் கடியாம்.