தோட்டத்துப் பிள்ளையும் இடைநிலைக் கல்வியும்

"பிள்ளையை இடைநிலைப் பள்ளிக்கு அனுப்புவதா, வீட்டிலிருந்தே இயங்கலையில் படிக்க வைப்பதா?" ஆறாம் ஆண்டு முடியும் தறுவாயில் சில பெற்றோர்கள் இப்போது இப்படிக் கேட்கிறார்கள். கேள்வி புதிது போலத் தோன்றும். ஆனால், வீட்டுக்கும் படிப்புக்கும் இடையில் உள்ள தூரம் நம் தோட்டத்து மக்களுக்குப் பழைய கதையே. அதைச் சற்றுத் திரும்பிப் பார்த்தல் நலம்.

ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அதனால் பள்ளிக்கூடம் லயத்துப் பக்கத்திலேயே வந்தது. கிராணியோ கங்காணியோ வாத்தியாராக இருந்த தோட்டங்களும் உண்டு! ஆனால் அந்தப் படிப்பு ஆரம்பக் கல்வியோடு நின்றது. அதற்கு மேல் படிக்க டவுனுக்குப் போக வேண்டும். பஸ் காசு வேண்டும். நுழைவுத் தேர்விலும் தேற வேண்டும். தேறாத பிள்ளை அப்பா அம்மாவோடு பால் வெட்டப் போயிற்று.

அந்த நுழைவுத் தேர்வு 1964இல் கைவிடப்பட்டது. கதவு திறந்தது, வாசற்படி மட்டும் உயரமாகவே இருந்தது. தமிழில் ஆறாண்டு படித்த பிள்ளை இடைநிலைப் பள்ளியில் எல்லாப் பாடங்களையும் வேறு மொழியில் படிக்க வேண்டும். அந்த மாற்றத்துக்காகவே 'ரிமூவ்' என்னும் புகுமுக வகுப்பு வந்தது. ஓராண்டு வீண் என்று அதை ஏசுவோர் பலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புது மொழியை வாத்தியார் வாயிலிருந்து கேட்டு, தப்பாகப் பேசி, பக்கத்துப் பிள்ளை சிரித்து, மறுபடி பேசித்தான் பழக முடியும்.

தூரத்திலிருந்து கற்பிக்கும் முயற்சியும் இந்நாட்டில் பழையதே. 1972 ஜூன் மாதம் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. நல்ல திட்டம்தான். ஆனால் அன்று பல தோட்டங்களில் ஜெனரேட்டர் போட்டால்தான் லயத்தில் விளக்கு எரியும். அதுவும் மாலையில் சில மணி நேரமே.

பிறகு 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளிகள் மூடின. கல்வி அமைச்சு அவ்வாண்டு எடுத்த கணக்கில் மாணவர்களில் 36.9 விழுக்காட்டினரிடம் எந்தக் கருவியும் இல்லை என்று தெரிந்தது. 2021 பிப்ரவரியில் 'டிடிக் டிவி' ஒளிபரப்பாயிற்று. நாங்களும் கைத்தொலைபேசியில் பாடம் அனுப்பினோம். "சார், அப்பா வேலைக்குப் போயிட்டாரு, போனும் அவரோட போயிடுச்சு" என்று இரவில்தான் பதில் வரும். ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரே போன், யாருக்கு முதலில்? 2021 இறுதியில் பிள்ளைகள் படிப்படியாகத் திரும்பி வந்தபோது, போனைத் தட்டுவதில் எங்களை மிஞ்சியிருந்தார்கள். மலாய் வாசிப்பைச் சத்தமாகப் படிக்கச் சொன்னால் பலருக்குக் குரலே எழும்பவில்லை.

இன்று ரப்பர் மரம் போய்ச் செம்பனை நிற்கிறது. லயத்தை விட்டு ஈப்போ, சுங்கை சிப்புட் தாமான்களுக்குப் பலர் குடிபெயர்ந்து விட்டனர். இணைய வசதியும் முன்னைவிட மேல். ஆனாலும் பெற்றோர்களே, அம்மா அப்பா இருவரும் காலையிலேயே வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் யார் இருப்பார்? மலாயில் ஒரு வாக்கியம் புரியவில்லை என்றால் பிள்ளை யாரைக் கேட்கும்? வேலைக்குப் போகாத தாயார், தனி அறை, தானாகவே புத்தகத்தைத் திறக்கும் பிள்ளை, இவை அமைந்த வீடுகள் உண்டு. அங்கே இயங்கலைப் படிப்பு நடக்கும். எஸ்.பி.எம். தேர்வைத் தனியார் மாணவராக எழுதவும் வழியிருக்கிறது. நம்மில் பெரும்பாலான வீடுகள் அப்படியில்லை. ஆகவே புகுமுக வகுப்பு, படிவம் ஒன்று, இரண்டு வரையிலாவது பிள்ளை பள்ளிக்கூடத்து பெஞ்சில் உட்கார வேண்டும் என்பதே என் கருத்து. படிவம் நான்கு, ஐந்தில் கணக்குக்கும் அறிவியலுக்கும் மாலையில் இயங்கலை வகுப்பு வைத்துக்கொள்ளலாம். டியூஷனுக்குப் போய்வரும் பஸ் செலவாவது மிச்சமாகும்.